கிக்கர் பாயும் குளவி கட்டிய பிளக்கும்

மீமிசலிலிருந்து வெளிநாட்டுக்குப் போன ஆண்களின் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்றால், அதற்கு ஒரே காரணம் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரு மனிதர். அவர் பெயர் கிக்கர் பாய். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் வேறு யாருக்கும் தெரியாது. ஒருமுறை ரேஷன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவரே திரும்பிப் பார்க்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் ஒரு வண்டி மூடிக் கிடக்கும். துபாய்க்கோ குவைத்துக்கோ போனவர் விட்டுச் சென்ற வண்டி. சிலது பழைய சேலைக்குள் இருக்கும். சிலது பிளெக்ஸ் பேனருக்குள். காதுகுத்து விழா பேனரில் சிரிக்கும் குழந்தையின் முகத்துக்குக் கீழே ஹேண்டில்பார் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டிகளை வாரம் ஒருமுறை திறந்து, கிக்கரை உதைத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மூடிவிட்டுப் போவதுதான் பாயின் வேலை. உதைத்தவுடன் வண்டி சத்தம் போட்டால், பிறந்த குழந்தை அழுதுவிட்டது என்பதுபோல மலர்ந்த முகத்தோடு வீட்டுக்காரர்களைப் பார்ப்பார்.

ஒருமுறை நான் கேட்டேன். "ஏன் பாய், இத்தனை வண்டிய ஸ்டார்ட் பண்றீங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்க மாட்டீங்களா?"

"எதுக்கு பாப்பா? ஓட்டுனா தூசி படும்" என்றார்.

தூசிதான் அவருடைய ஜென்மப் பகை. அதிலும் பிளக்கைச் சுற்றி நிற்கும் தூசி. விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். என்ஜினின் தலையில் ஸ்பார்க் பிளக் திருகியிருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிறிய பள்ளம் உண்டு. அதில் மண், எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்த இலை எல்லாம் சேரும். அதைச் சுத்தம் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் ஓட்டை வழியே என்ஜினுக்குள் விழும். அப்புறம் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோது எனக்கு இதை இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கிக்கர் பாய்க்கு அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்ய ஒரு முற்பகல் வேண்டும்.

அவர் பையில் இருப்பவை இவை. மெத்தென்ற ஒரு பல் பிரஷ். ஒரு பெயின்ட் பிரஷ். வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டுத் துணிகள். பழைய லாரி ஹாரனின் ரப்பர் பந்து ஒன்று, அதன் வாயில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப். இந்தப் பந்தை அமுக்கித்தான் காற்று ஊதுவார். ஹாரனின் தொண்டையை முழுதாகப் பிடுங்கவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் வயதான ஆடு எங்கோ தூரத்தில் கூப்பிடுவது போல முனகும். அந்தச் சத்தம் கேட்டால் யார் வீட்டிலோ பிளக் கழற்றுகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

கழற்றும் நேரத்தில் கெடுபிடி அதிகம். மின்விசிறி ஓடக்கூடாது. வாசல் கூட்டக்கூடாது. வண்டியின் வால் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து உத்தரவு போகும். "இந்தாத்தா, மொளகா வறுக்காதீங்க. யாராச்சும் தும்மிட்டா யாரு பதில் சொல்றது?" எல்லாம் அடங்கிய பிறகு தன் தொப்பியைக் கழற்றித் தெருக்கோடிவரை நடந்துபோய் உதறிவிட்டு வருவார். வந்து இரண்டு புருவத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வார்.

"புருவம் எதுக்கு பாய்?"

"குனியுறப்ப எங்கிட்டு இருந்து விழுகுது? புருவத்துல இருந்துதான? நீ படிச்ச புள்ள, யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். தவறென்று சொல்ல முடியவில்லை. சரியென்று சொல்லவும் வாய் வரவில்லை. இந்த மனிதரிடம் எனக்கு எப்போதும் இதுதான் தொல்லை. அவர் சொல்லும் எதிலும் பாதி நியாயம் இருக்கும். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

அப்போது நான் அறந்தாங்கியில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். ஒருநாள் உட்கார வைத்து முறையாக விளக்கினேன். "பாய், மொதல்ல பிளக்கைக் கொஞ்சமா லூஸ் பண்ணணும். அப்புறம் சுத்தி ஊதணும். அப்புறம் கழட்டணும். கழட்டுன ஒடனே ஓட்டைய மூடணும். அவ்ளோதான்."

நான்குக்கும் தலையாட்டினார். "இதத்தான நானும் செய்யுறேன்" என்றார். செய்கிறார்தான். ஆனால் இந்த நான்குக்கும் நடுவே அவர் செய்யும் மற்றவற்றை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

உதாரணத்துக்கு, மண்ணைப் பற்றி அவரிடம் ஒரு தனிச் சித்தாந்தம் இருந்தது. "கறம்பக்குடி மண்ணு மானஸ்தன் பாப்பா. ஒரு தடவ தொடச்சா போயிரும், திரும்பி வராது. ஆலங்குடிப் பக்கத்து மண்ணு முந்திரித் தோப்பு மண்ணு, சோம்பேறி. விட்ட எடத்துலயே கெடக்கும். நம்மூரு கடல் மணலு இருக்கே, அது களவாணி. ஓட்டை எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும்."

எனக்குத் தெரிந்த வரையில் மண்ணுக்கு அளவு உண்டு, கடினம் உண்டு. குணம் கிடையாது. ஆனாலும் மறுநாள் வேலையில் ஒரு வண்டியின் பிளக்கைச் சுற்றிக் கடல் மணலைப் பார்த்ததும், என்னை அறியாமல் அதை முறைத்தேன்.

ஒருமுறை எங்கள் சர்வீஸ் சென்டருக்கு அழைத்துப்போய்க் கம்ப்ரஸர் காற்றைக் காட்டினேன். துப்பாக்கி மாதிரி ஒன்றை அழுத்தினால் சீறிக்கொண்டு காற்று வரும். நொடியில் பள்ளம் பளபளத்துவிடும். பாய் இரண்டடி பின்னால் போய்விட்டார். "என்ன பாப்பா இது, இப்படி அதட்டுறீங்க? அழுக்கு ரோஷப்பட்டு உள்ள ஓடிராதா?" என்றார். எங்கள் மெக்கானிக்குகள் அன்று முழுதும் ஒருவரை ஒருவர் "ரோஷம், ரோஷம்" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு முருகேசன் அண்ணன் வண்டிக்கு வருகிறேன். அண்ணன் குவைத்தில் இருந்தார். இங்கே அவர் மனைவி செல்வி அக்காவும், அண்ணனைப் பெற்ற அம்மாவும். அந்த அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். பிளக் கழற்றும் நாளில் வீடியோ கால் போட்டு, ஓட்டையைச் சொந்தக்காரருக்குக் காட்டுவது பாயின் வழக்கம். அன்று செல்வி அக்கா போனைப் பிடித்திருந்தார். பாய் கழற்றிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கங்க தம்பி, ஒரு பொட்டு அழுக்கு இருக்கா?" என்றார்.

"இருங்க பாய், ஒண்ணும் தெரியல. இங்க மணல் காத்து அடிக்குது. ரூமுக்குள்ள எல்லாம் மண்ணா..."

அண்ணன் முடிக்கவில்லை. பாய் பாய்ந்து உள்ளங்கையால் என்ஜின் ஓட்டையை மூடிவிட்டார். "போனை அங்கிட்டுத் திருப்புத்தா! அங்கிட்டு!" என்று ஒரே கத்தல். செல்வி அக்காவும் பதறிப்போய்ப் போனை முந்தானைக்குள் பொத்திக்கொண்டார். குவைத்தில் காற்று ஓயும்வரை இங்கே பாய் கையை எடுக்கவில்லை.

செல்வி அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதில் அண்ணன் ஊரில் இருந்ததெல்லாம் லீவு நாட்கள் மட்டும். இருந்தாலும் கீரை விற்கிறவர், மீன் கொண்டு வருகிறவர், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எல்லோரும் அக்காவைத்தான் கேட்பார்கள். "என்னத்தா, ஏதும் விசேஷம் உண்டா?" அக்கா இல்லையென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். கேட்கிறவர்கள் ஒருவரும் குவைத்துக்குப் போன் போட்டு அண்ணனைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த வருடம் அண்ணன் நீண்ட லீவில் வருவதாகச் செய்தி வந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "வண்டி ரெடியா இருக்கணும். செல்விய ஏத்திக்கிட்டு கறம்பக்குடி மாமனார் வீட்டுக்கு வண்டியிலதான் போகப் போறேன்." பாய் அப்போதுதான் மகள் வீட்டில் சில வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். நேராக வந்து பேனரை விலக்கினார். விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிளக்கைச் சுற்றி, பள்ளம் முழுக்க, பிளக் தொப்பியையும் சேர்த்து, குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. நல்ல வழுவழுப்பான கூடு. எல்லா அறையையும் மூடி முடித்திருந்தது. உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம்.

கிக்கரை உதைத்தார். வண்டி அசையவில்லை. பிளக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். பையிலிருந்து பல் பிரஷை எடுத்தார். அதற்குள் செல்வி அக்கா வாசலுக்கு ஓடி வந்தார்.

"பாய், அதத் தொடாதீங்க."

"பயப்படாதத்தா, குளவி கொட்டாது. நான் பாத்துக்குறேன்."

"கொட்டுறதுக்கு இல்ல பாய். அத... அப்படியே விடுங்க."

பாய்க்குப் புரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அழுக்கை அப்படியே விடச் சொல்கிறார். என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. தெருவில் இருந்த பெண்களுக்குத்தான் உடனே புரிந்தது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கூட்டை உடைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் வண்டியைச் சுற்றி ஒரு மாநாடே கூடிவிட்டது.

பெரியம்மாதான் முதலில் குழம்பினார். "எம்மகன் குவைத்துல இருக்கான். இந்தக் குளவிக்கு அது தெரிய வேண்டாமா?"

"அதான் வரப் போறாருல்ல. முன்கூட்டியே கட்டியிருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"குளவிக்கு என்ன, எம்மகன் டிக்கெட்டைக் காட்டிட்டா போனான்?"

"வீட்டுக்குள்ள கட்டுனாத்தான் கணக்கு. இது வண்டியில கட்டியிருக்கு. வண்டி யாரு பேருல இருக்கோ அவங்களுக்குத்தான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆர்சி புக்கு எங்க அண்ணன் பேருலல்ல இருக்கு!" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். அந்த அண்ணன் கல்யாணமே ஆகாத கிழவர்.

இந்தக் கூச்சலில் செல்வி அக்கா வண்டியின் சீட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை எடுத்தால் யாராவது பிரஷைப் போட்டுவிடுவார்கள் என்பது போல அழுத்தி வைத்திருந்தார்.

"இன்ஜினியரு, நீ சொல்லு" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் வரிசையாகச் சொன்னேன். கத்தியால் கூட்டை முழுதாகப் பெயர்த்துச் சுவரில் ஒட்டலாம், ஆனால் விரிசல் விட்டுவிடும். கூட்டோடு பிளக்கைத் திருகினால் மண் என்ஜினுக்குள் விழும். எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டாலும் என்ஜின் சூட்டில் உள்ளே இருப்பது வெந்துவிடும். ஆக, வண்டி ஓடினால் கூடு இல்லை. கூடு இருந்தால் வண்டி ஓடாது.

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?" என்றார் பெரியம்மா.



பாய் குனிந்து, கூட்டில் காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். எழுந்தபோது முகத்தில் பெரும் குழப்பம். "பாப்பா, இது அழுக்கா, இல்லியா?" என்று மெதுவாகக் கேட்டார். மண், பிளக்கைச் சுற்றி இருக்கிறது, என்ஜினுக்கு ஆகாது. நான் படித்தபடி இது அழுக்குத்தான். செல்வி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியல பாய்" என்றேன்.

அவர் பல் பிரஷைப் பைக்குள் போட்டார். பேனரை இழுத்து மூடினார். போய்விட்டார்.

இரண்டு நாளில் முருகேசன் அண்ணன் வந்து இறங்கினார். காரிலிருந்து பெட்டியை எடுப்பதற்கு முன்பே வண்டியிடம் போனார். செல்வி அக்கா கேட்டுக்கொண்டபடி கூட்டைப் பற்றி அண்ணனிடம் யாரும் மூச்சுவிடவில்லை; தெரிந்தால் உடைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவார். பாய் அங்கே முன்கூட்டியே வந்து, பேனர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பாய், ஒரு ஒத ஒதைங்க பாப்போம்!"

"இல்ல தம்பி. வண்டி ஓடாது."

"ஏன்?"

"பிளக்கு மரை போயிருச்சு. நாந்தான் தப்பாத் திருகிட்டேன். சாமான் சொல்லியிருக்கு, வரணும்."

பிளக் திருகும் ஓட்டையின் மரை, அதாவது திருகு வரிகள், தேய்ந்துபோவது என்பது, எங்கள் தொழிலில் சமையல்காரர் பாயசத்தில் உப்பைக் கொட்டுவது மாதிரி. பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்தார். கிக்கர் பாய் மரையைக் கெடுத்துவிட்டாராம்! புருவத்தைத் துடைத்துக்கொண்டு பிளக்கைத் தொடுகிற மனிதர்!

அண்ணனுக்கு முகம் சிவந்தது. "ஒங்கள நம்பித்தான பாய் விட்டுட்டுப் போனேன்? கைய வச்ச எடத்துல இப்படிக் கெடுத்து வச்சிருக்கீங்க. வயசாயிருச்சுன்னா சொல்லிட வேண்டியதுதான?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். கதவுக்குப் பின்னால் செல்வி அக்காவின் சேலை நுனி மட்டும் தெரிந்தது.

அண்ணன் என்னிடம் திரும்பினார். "ஏம்மா, நீ பாத்தியா? நெசமாவே மரை போயிருச்சா?"

"கழட்டாமச் சொல்ல முடியாதுண்ணே. இப்பக் கழட்டுற நெலமையில இல்ல" என்றேன். இரண்டு வாக்கியமும் உண்மை.

அதற்குப் பிறகு பாய்க்கு நல்ல காலம் இல்லை. தெருவில் விஷயம் தெரியாத நான்கைந்து வீட்டில் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "கை நடுக்கம் வந்துருச்சாம்" என்றார்கள். "கண்ணு போச்சாம்" என்றார்கள். அவருக்கு முன்னாலேயே ஒருவர் தன் வண்டியை வேறு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். பாய் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். வண்டியின் பிளக் பக்கத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

கோபத்தில் பேனரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அண்ணன் அக்காவோடு பஸ்ஸில் சுற்றினார். கறம்பக்குடிக்கு இரண்டு பஸ் மாறிப் போனார்கள். "வண்டியில போனா காத்துல ஒண்ணும் கேக்காது. பஸ்ஸுல ஊரு வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாரு, பெரும்பாலும் பாயைத் திட்டித்தான்" என்று அக்கா என்னிடம் சொன்னார். திட்டு வாங்கும் பாயோ தினமும் காலையில் வந்து, சாமான் வந்துவிட்டதா என்று யாரிடமோ கேட்பது போலப் பாவனை செய்துகொண்டு, பேனருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

லீவு முடியும் தறுவாயில் ஒரு காலை, பேனருக்குள்ளிருந்து தலையை எடுத்தவர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கூட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள். உள்ளே காலி. குளவிகள் பறந்துவிட்டன.

அன்று நடந்த துப்புரவை இனி நான் எங்கும் பார்க்கப் போவதில்லை. மின்விசிறி நின்றது. மிளகாய் நின்றது. ஆடு கத்தியது. மண் ஒரு துணுக்குகூட உள்ளே விழாமல், கூட்டைத் துண்டு துண்டாகத் துணியில் எடுத்தார். பிளக்கைத் துடைத்துத் திருகினார். கடைக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்ததும், "ஒதைங்க தம்பி" என்றார். முதல் உதையிலேயே வண்டி சத்தம் போட்டது.

அண்ணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிறகுதான் யோசித்தார். "சாமான் எப்ப பாய் வந்துச்சு? மரை எப்படிச் சரியாச்சு?"

பொய்க்கு இரண்டாவது பாகம் தேவைப்படும் என்று பாய் யோசித்திருக்கவில்லை. திருதிருவென்று விழித்தார். "அது... தானா சரியாயிருச்சு தம்பி."

அண்ணன் என்னைப் பார்த்தார். தேய்ந்த மரை உலகத்தில் எங்கும் தானாக வளர்வதில்லை. "சில சமயம் ஆகும்ணே" என்றேன். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் அந்த நேரத்தில் காரணம் தெரியாமல் விக்கியிருப்பார்கள்.

அண்ணன் திரும்பக் குவைத் போனார். மாதங்கள் ஓடின. செல்வி அக்காவுக்கு ஒரு விசேஷமும் இல்லை. குளவி ஏமாற்றிவிட்டதா, பெரியம்மாவின் அண்ணன் பெயரில் இருந்த ஆர்சி புத்தகம் குழப்பிவிட்டதா என்று தெருவில் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். எனக்கு மனசு கேட்காமல் ஒருநாள் அக்காவிடமே கேட்டுவிட்டேன். "அந்தக் கூட்டை அவ்வளவு நம்புனீங்களாக்கா?"

அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னார். "நம்புனேனோ இல்லையோ, எனக்கே தெரியல பாப்பா. ஆனா ஒண்ணு. அது இருந்த வரைக்கும் ஒருத்தரும் என்னப் பாத்து 'ஏதும் விசேஷமா'ன்னு கேக்கல. எல்லாரும் அவருக்குத் தெரியாம வந்து குளவியத்தான் பாத்துட்டுப் போனாங்க. அவரு இருந்த அத்தன நாளும் நான் நிம்மதியா இருந்தேன்."

இதைப் பாயிடம் சொன்னேன். அவர் முகத்தில் எனக்குப் பழகிய அதே குழப்பம்.

"அப்ப அந்தப் புள்ள குளவிக்குத்தான நன்றி சொல்லணும்? என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் ஒண்ணுமே செய்யலியே."

உண்மைதான். இத்தனை வருடத்தில் அவர் தெரிந்தே அத்தனை நாள் கை வைக்காமல் விட்ட ஒரே வண்டி அதுதான். அதற்காகத்தான் அவரை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது.